கூழாங்கல் கரையில் காலடி

நான் இங்கிலாந்துக் கடற்கரையைப் பார்த்தவன் என்று சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டதில், பாதி வகுப்பு என்னை வெள்ளைக்காரனுக்குச் சொந்தக்காரன் என்றே நம்பியது. உண்மையில் நான் அங்கே அதிகம் பார்த்தது மூடுபனியைத்தான். ஸ்வெட்டருக்கு மேல் அப்பாவின் கோட்டையும் மாட்டிக்கொண்டு சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றேன்.

அப்பாவின் தங்கை அங்கே ஒரு கடலோர ஊரில் நர்ஸ். அவளை ஊருக்குக் கூட்டிவரத்தான் போயிருந்தோம். அத்தையின் கணவரான மாமா அதற்கு முந்தின கோடையில் அந்தக் கடலில் நீந்தப் போனவர். உடல் கிடைக்கவே இல்லை. என்னிடம் மட்டும் கப்பல் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்கள். காரியம் செய்ய அத்தை சம்மதிக்கவில்லை. நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

கரையில் பேருக்குக்கூட மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். மேலே நீள நடைபாதை, வரிசையாக மரப் பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகட்டில் ஒரு பெயர். ஒன்றில் மூவரும் உட்கார்ந்தோம்.

"எல்லாம் உபயம்ப்பா" என்றேன்.

"ஆமாலே, நம்ம கோயில் டியூப்லைட்டு மாதிரி" என்றார் அப்பா. வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான் என்பதில் இருவருக்கும் பெருமை.

"உபயமில்லண்ணே. செத்தவங்க பேரு" என்றாள் அத்தை. "அவங்களுக்குப் பிடிச்ச எடத்துல வீட்டுக்காரங்க போடுவாவ."

யார் மடியிலோ உட்கார்ந்துவிட்டவன் போல நான் துள்ளி எழுந்தேன்.

அப்பா அதையே பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்கும் இங்கன ஒண்ணு போட்டிருவோம். ஊர்ல வச்சுக் காரியத்த முடிப்போம். எத்தன நாளைக்குட்டி இப்பிடித் தனியாக் கெடப்ப?"

மாப்பிள்ளை என்றது வேறு யாரையோ, காரியம் என்றால் ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்தேன். அத்தை பெஞ்சின் பித்தளைத் தகட்டை விரலால் தடவினாள். பிறகு, "சரிண்ணே, வாரேன்" என்றாள்.

அப்போதுதான் கீழே கற்களில் காலடி கேட்டது. கரக், கரக். தண்ணீர்ப் பக்கமிருந்து மெதுவாக ஏறி வந்தது. பனியில் ஆள் தெரியவில்லை.

"அலை கல்ல இழுக்கு" என்றார் அப்பா. அலை இழுத்தால் சத்தம் கடலுக்குள் போக வேண்டும். இது எங்களை நோக்கி வந்தது. பெஞ்சுக்கு நேர் கீழே வந்து நின்றது.

பயந்தால் என் வாய் சும்மா இருக்காது; அன்றும் இன்றும் அதே வியாதி.

"அத்தே, மாமா வந்துட்டாவ!"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பனியில் நனைந்திருந்த பலகையைக் கம்பளித் துண்டால் துடைத்தாள். காலியிடத்தைப் பார்த்தபடியே, "நான் வரல்லண்ணே" என்றாள்.

"ஏட்டி, சின்னப்பய ஒளறுதான்..." என்று தொடங்கிய அப்பா, அவள் துடைத்துவைத்த இடத்தைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, வினிகர் தெளித்த சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் பெரிய பொட்டலமாக வாங்கித் தந்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அதுவரை நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் ஒன்றை நீட்டினேன், வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வினிகர் நெடி போலிருக்கிறது என்று, பொட்டலத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.