தக்காளி வைத்த பச்சை

ஆபீஸில் அவளுக்குத் தக்காளி என்றுதான் பெயர். அவள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் தொகுப்பில் நிறங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், பெயரை எழுதினால் நிறம் வந்துவிடும். அதில் ஒரு சிவப்புக்கு எவனோ ஒரு புண்ணியவான் தக்காளி என்று பெயர் வைத்துவிட்டான். திரையில் எந்தத் தவறைக் காட்டவும் இவள் அதையே போடுவாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த நிறப் பெயர்கள் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "'டார்க் கிரே'ன்னு பேரைப் பார்த்து அடர்த்தின்னு நம்பிடாதீங்கப்பா. வெறும் 'கிரே'யைவிட அது வெளுப்பு" என்று அவள் மற்றவர்களைக் காப்பாற்றிய கதை ஏராளம். கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு இடத்தில் கோட்டைவிட்டாள்.

ஒரு ஆஸ்பத்திரிக்குத் திரைப்பலகை செய்து கொடுத்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்காக. உள்ளே இருப்பவர் பெயர் வெள்ளைத் திரையில் கருப்பாக இருக்கும். நல்லபடியாக முடிந்து, மயக்கம் தெளியும் அறைக்கு வந்ததும் 'லைட் கிரே'க்கு மாறும். கம்ப்யூட்டர்காரர்களின் பழக்கம் அது. முடிந்த வேலையை மங்க வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

அந்தப் பலகைக்கு முன்னால் ஒருநாள் அவளே உட்கார வேண்டி வந்தது. அத்தானுக்கு இதயத்தில் ஆபரேஷன். அக்கா இவள் கையைப் பிடித்தபடி கண்கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அத்தான் பெயர் மங்கியது.

"அப்பாடா!" என்று துள்ளி எழுந்தாள் தக்காளி. அதே நொடியில் அக்கா, "ஐயோ, போயிட்டாரே!" என்று அலறித் தரையில் சரிந்தாள்.

"அக்கா, நல்லபடியா முடிஞ்சிடுச்சுக்கா! மங்கினா வெளிய வந்துட்டார்னு அர்த்தம்!"

எங்கே காதில் விழுந்தது! நர்ஸ் வந்து கையோடு கூட்டிப்போய், மூச்சுவிடும் அத்தானைக் கண்ணாடி வழியாகக் காட்டிய பிறகுதான் அழுகை நின்றது. இதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர், தன் வீட்டுப் பெயரும் மங்கிவிடுமோ என்று திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். தக்காளிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நிறத்தின் பெயரெல்லாம் தெரிந்து என்ன, பார்க்கிறவர் மனசு தெரியவில்லையே!

மறுநாள் நேரே மேனேஜரிடம் போனாள். "தப்பு என்னோடது சார், மாத்தணும்" என்றாள். சுற்றி வளைக்கவில்லை, பழியை யார் தலையிலும் கட்டவில்லை. அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

"முடிஞ்ச வேலைய மங்கலாக் காட்டுறதுதானேம்மா வழக்கம்?"

"நமக்கு அது வேலை சார். அவங்க உக்காந்திருக்கறதே அந்த ஒரு வரிக்காகத்தான். அதைப் போய் அழிச்ச மாதிரி வச்சிருக்கேன்."

"அப்ப மாத்திடும்மா" என்றார் மேனேஜர். அவள் நிறங்களைத் துண்டுதுண்டாக அச்செடுத்து, பெயரை மறைத்து, ஆஸ்பத்திரியின் அந்தக் காத்திருப்புக் கூடத்துக்கே எடுத்துப்போனாள். எதைப் பார்த்தால் நிம்மதி வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "ஆளு உள்ள கிடக்கான், நான் என்ன புடவையா எடுக்க வந்திருக்கேன்?" என்று ஒருவர் எரிந்து விழுந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உள்ளே இருந்த அவர் தம்பி பிழைத்து வெளியே வந்ததும் அவரே ஒரு துண்டை எடுத்து நீட்டினார். 'ஃபாரஸ்ட் கிரீன்', நல்ல காட்டுப் பச்சை. தக்காளி அதையே பலகையில் வைத்து, எழுத்தைத் தடிப்பாக்கினாள். நிறம் பிரித்தறியாத கண்களுக்காகப் பக்கத்தில் 'நலம்' என்றும் சேர்த்தாள்.

சில மாதம் கழித்து, அத்தானைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன அக்கா அந்தக் கூடத்திலிருந்து போன் செய்தாள்.

"இங்க ஒரு அம்மா இருக்காங்கடி... பையன் பேரு பச்சையானதும் முன்னப்பின்ன தெரியாத என்னைக் கட்டிப்பிடிச்சு அழறாங்க. யாரும் ஒண்ணும் எடுத்துச் சொல்லலடி. பார்த்ததுமே புரிஞ்சிக்கிட்டாங்க."

"நீ என்னக்கா பண்ண?"

"நானும் அழுதேன். என் தங்கச்சி வச்ச நிறம்னு சொன்னேன்."