கிரிஸலின் வசைச்சொல்

பெரிக்‌ஷையர் கிராமப் பள்ளியில் பதினோரு வருஷமாகச் சமையல் பார்த்தவள் கிரிஸல் பர்வஸ். கணவன் டாட், சாலையோரக் கால்வாய் வெட்டுபவன்.

1953 வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து தலைமையாசிரியருக்கு ஒரு படிவம் வந்தது. இன்னின்ன பொருளுக்கு உங்கள் ஊரில் என்ன சொல் என்று கேட்டிருந்தார்கள். ஊர்ப்பேச்சு முழுக்கச் சிதைந்த ஆங்கிலம் என்பது அவர் எண்ணம். அடுப்பு மூட்ட ஆகும் என்று சமையலறையில் போட்டுவிட்டுப் போனார். கிழங்கு வேகும் நேரத்தில் கிரிஸல் அதைப் பென்சிலால் நிரப்பினாள். வில்லோ மரத்துக்கு இரண்டு சொல் எழுதினாள்: நிற்கிற மரம் ‘சாக்’, கட்டுவதற்கு முறுக்கும் அதன் மெல்லிய குச்சியான மிலாறு ‘விடீ’. அவளே தபாலில் சேர்த்தாள்.

ஜூன் மாதம் ஹேஸ்டி என்ற ஆய்வாளர் சைக்கிளில் வீடு தேடி வந்தார். அவருக்கும் டாடுக்கும் பார்லி சூப் பரிமாறிக்கொண்டே கிரிஸல், இதெல்லாம் சிதைந்த பேச்சுதானா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றார் அவர். ‘சால்ஹ்’ என்ற பழஞ்சொல்லைத் தெற்கே இருக்கும் ஆங்கிலேயர்கள் ‘சாலோ’ என்று மெலித்துவிட்டார்களாம். அதன் தொண்டை ஒலி இந்த ஊர் ‘சாக்’கில்தான் தங்கியிருக்கிறதாம்.

“விடீயும் பழசுதான். அந்தக் காலத்துல கயித்துக்குப் பதிலா இந்த மிலாறத்தான் முறுக்குவாங்க. ஆளத் தூக்குல போடவும் அதுதான். அதனால தூக்குக் கயித்துக்கே அந்தப் பேரு வந்துடுச்சு.”

கிரிஸலின் கரண்டி நின்றது. “அப்ப ‘விடீஃபூ’ன்னா?”

“தூக்குக் கயித்த நிரப்புறவன். அதாவது, தூக்குல தொங்க வேண்டியவன்னு அர்த்தம்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் டாடை அப்படித்தான் கூப்பிட்டு வந்தாள். போக்கிரி என்பது போல ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தாள்.

“இருபத்தாறு வருஷமா தினம் என்னைத் தூக்குல போட்டிருக்கா சார்,” என்றான் டாட். “கழுத்து நீளாம இருக்கே, அதச் சொல்லுங்க.”

ஹேஸ்டி சிரித்தபடி குறித்துக்கொண்டார். கிரிஸல் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டாள். மரியாதையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் டாடுக்கு வேடிக்கையாக இருந்தது. பத்து நாளில், யார் வீட்டிலோ விருந்தாளியாகத் தங்கியிருப்பது போல ஆகிவிட்டது. ஒரு சாயங்காலம் சேற்றுப் பூட்ஸோடு, தேய்த்துக் கழுவிய தரையில் வேண்டுமென்றே கணப்பு வரை நடந்தான். அவள் தரையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சொல்லேண்டி,” என்றான். “நீ பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்கு ஏதோ பெரிய சீக்கு வந்த மாதிரி இருக்கு.”

அவள் சொன்னாள். கையோடு வாளியையும் துணியையும் அவன் முன்னால் வைத்தாள். தரையை அவன்தான் துடைத்தான்.