சாமி மேடையில் பட்டப் படம்

மகளின் பட்டமளிப்புப் படத்தைச் சட்டம் போடக் கூலாய் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். வார்னிஷ் வாடை அடித்ததும் கோபம் மூண்டது. நாங்கள் வளர்ந்த பாலோ ரப்பர்த் தோட்டத்தில், அக்காவின் பட்டப் படத்தை அப்பா சாமிப் படங்களுக்கு நடுவே மாட்டிய நாளில் வீடெல்லாம் இதே வாடை. தினமும் அந்தப் படத்துக்கும் ஊதுபத்தி காட்டினார்.

குழாயில் செம்மண் தண்ணீர் வருகிறதென்று லயத்து வரிசை வீட்டுப் பெண்களோடு தோட்ட ஆபீசில் புகார் சொல்லக் கிளம்பிய அக்காவை அவரே வாசலில் மறித்தார்.

"இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்? வாயத் தொறக்காம உள்ள போ."

அக்கா உள்ளே போனாள். அப்புறமும் பல வருடம் அந்தச் செம்மண் தண்ணீரில்தான் அப்பா அவள் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

"சாமி மேடையிலதானே மாட்டப் போறீங்க, அண்ணே?" என்றார் கடைக்காரர்.

"வேணாம் லா. சாமிதான் வாயத் தொறக்காது. இவ தொறக்கணும்."