மனையில் மூடிக் கிடந்த கிணறு

திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் மனையைச் சமன்படுத்த வந்த ஜேசிபி ஓட்டுநர் பருமனான மனிதர். சாவி போடுமுன் கழுத்திலிருந்த ஜெபமாலையை முத்தமிடுவார். அஸ்திவாரத்துக்கு அவர் மண் தோண்டிக்கொண்டிருந்தபோது என் காலடி மண் திடீரென்று உள்வாங்கியது. யாரோ குப்பை கொட்டி மூடிய பழைய கிணறு அது. இடுப்புவரை புதைந்துவிட்டேன். வண்டியும் என் பக்கம் சரியத் தொடங்கியது.

“அசையாதீங்க சார்!” என்று கத்தியவர், வண்டியின் மண் அள்ளும் பக்கெட்டை மெல்ல என்னிடம் நீட்டினார். “கெட்டியா புடிச்சிக்குங்க!”

அதன் பல்லைப் பிடித்துத் தொங்கினேன். என்னைக் கெட்டித் தரையில் இறக்கிய பிறகே வண்டியை நகர்த்தினார்.

கீழே இறங்கியவர் ஜெபமாலையை மறுபடியும் முத்தமிட்டார்.

“உங்களுக்குப் பயமா இல்லையா?” என்றேன்.

“பயந்துக்கினேதான் சார் தூக்குனேன்.”

கிணற்றிலிருந்து தள்ளி வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். அன்று அவர் ஏன் குதித்து ஓடவில்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை.