விளக்கு நேரத்துல வந்த கணக்கெடுப்பு

நம்ம நாடு முன்னேறிக்கிட்டு வருதுன்னு டிவியில சொல்றப்பல்லாம் எனக்கு என் அண்ணனோட காலுதான் ஞாபகம் வருது. என்ன இவ சம்பந்தமே இல்லாம பேசுறாளேன்னு நினைக்காதீங்க. சம்பந்தம் இருக்கு. அது எங்கண்ணன் வீட்டுச் சாமி மேடைக்கு முன்னாலயே நடந்துச்சு.

அண்ணன் புக்கிட் ரோத்தான் பக்கத்துல எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்துல இருக்காரு. தோட்டத்து ஆளுங்க இருந்த பழைய லயத்தை இடிச்சிட்டு வரிசையா கட்டின கல்லு வீடு. ரோட்டுல இருந்து மண் பாதையில ரொம்ப தூரம் உள்ள போகணும். நான் கல்யாணமாகி புக்கிட் செந்தோசாவுல இருக்கேன், ராவாங்ல ஒரு பேக்டரியில கியூசி வேலை, சரக்கு சரியா இருக்கான்னு பார்க்கிறது. வெள்ளிக்கிழமை காலை சிஃப்ட் முடிஞ்சதும் நேரா அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அண்ணனுக்கு இனிப்பு நீர், சக்கரை வியாதி. வலது கால் கட்டை விரல்ல ஒரு புண்ணு வந்து ஆறாமயே கிடந்துச்சு. வாரா வாரம் ஒரு கிளினிக் வேன் தோட்டத்துக் கோயில் முன்னால வந்து நிக்கும். அதுல வர்ற நர்ஸ் புண்ணைக் கழுவி, கட்டு மாத்தி, மாத்திரை கொடுத்துட்டுப் போவாங்க. அந்த வேனை நம்பித்தான் அந்தக் காலு இருந்துச்சு.

அண்ணிக்கு ஒரு சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்திட்டா வீட்டுல ஒருத்தரும் ‘இல்ல’ன்னு சொல்லக்கூடாது. சீனி தீந்துபோனாலும் வாயைத் திறக்காம கடைக்குப் போயி வாங்கிட்டு வரணும். நோவு நொடி பத்திப் பேச்சே எடுக்கக்கூடாது. விளக்கு எரியுறப்ப வாயில வர்றது நிலைச்சிரும்னு அவங்க நம்பிக்கை. அந்த வரிசையில பாதி வீட்டுல இதே பழக்கம்தான். எனக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனா அவங்க வீடு, அவங்க சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி விளக்கை ஏத்தி, சாம்பிராணிப் புகையை அறை அறையா காட்டிட்டு இருந்தாங்க. வாசல்ல “ஆண்ட்டி”ன்னு ஒரு குரல். நம்ம தமிழ்ப் பொண்ணுதான். கழுத்துல அட்டை, கையில டேப்லெட். நாடு எவ்வளவு முன்னேறியிருக்குன்னு பார்க்க வீட்டுக்கே வந்து கேள்வி கேக்குறாங்களாம். தண்ணி, கரண்டு, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் கேப்பாங்களாம்.

“எல்லா வீட்டையும் கேப்பீங்களா?”ன்னு நான் கேட்டேன்.

“இந்த வரிசையில கொஞ்ச வீடுதான்க்கா. அதை வெச்சு மத்ததுக்கும் கணக்குப் போட்டுருவாங்க.”

எங்க பேக்டரியிலயும் அப்படித்தான். ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பார்த்து நல்லா இருந்தா, அந்தப் பேலட்ல அடுக்கியிருக்கிற பெட்டி மொத்தமும் லோரியில ஏறிரும். உள்ள மீதி எப்படி இருக்குன்னு யாரும் பார்க்க மாட்டாங்க.

“வீட்டுக்குள்ள குழாத்தண்ணி இருக்கா ஆண்ட்டி?”

“இருக்கு லா.”

குழா இருக்கு. விடியக்காலையில கொஞ்சம் ஒழுகும், அப்புறம் காத்துதான் வரும். பின்னால நீல டிரம்மா அடுக்கி வெச்சிருக்காங்களே, அது எதுக்கு, அழகுக்கா?

“கார் இருக்கா?”

“இருக்கு மா.”

கொய்யா மரத்தடியில கல்லு மேல உக்காந்திருக்கு. பின் சீட்டுல கோழி முட்டை போடுது.

“கிளினிக் பக்கத்துல இருக்கா?”

“இருக்கே, ஆத்துக்கு அந்தாண்ட.”

ஆத்தை நீந்தியா போறது? பாலத்தைச் சுத்திப் போறதுக்குள்ள பாதி நாள் போயிரும். என்னால அதுக்கு மேல பொறுக்க முடியல. “அண்ணி, உள்ளதைச் சொல்லுங்களேன்”ன்னேன்.

“பாப்பா, நீ போயி பொண்ணுக்கு மைலோ கலக்கு”ன்னாங்க, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம. நான் நகரல.

“ரொம்ப நாளா சீக்கா இருக்கிறவங்க யாராச்சும் உண்டா ஆண்ட்டி?”

அண்ணன் அறைக்குள்ள படுத்திருந்தாரு. கதவு சாத்தியிருந்துச்சு. அந்தப் புண்ணு வாடை புகையைத் தாண்டி எனக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு வந்திருக்காது. வாடை தெரியக்கூடாதுன்னு அண்ணி தினமுமே சாம்பிராணியைக் கூடப் போடுவாங்க.

அண்ணி விளக்கைப் பார்த்தாங்க. “எல்லாரும் நல்லா இருக்கோம் மா.”

“பொய்யி!”ன்னு கத்திட்டேன். “உள்ள எங்கண்ணன் காலு அழுகிக்கிட்டு இருக்கு!”

பொண்ணு பயந்துட்டா. அண்ணியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. “வீட்டுக்காரங்க சொல்றதைத்தான்க்கா நான் போட முடியும்”ன்னு சொல்லிட்டு விரலால ஒரு தட்டு தட்டினா. கலக்காத மைலோவுக்கு நன்றி சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போனா. அங்கயும் விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

அவ போனதும் அண்ணி சாம்பிராணித் தட்டைக் கீழ வெச்சுட்டு என் பக்கம் திரும்பினாங்க. “விளக்கு எரியுறப்ப இவரைச் சீக்காளின்னு என் வாயால சொல்லச் சொல்றியா? அது பலிச்சிட்டா நீயா வந்து நிப்ப?” அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு, அண்ணி பெருமைக்குச் சொல்லல, பயத்துல சொல்லியிருக்காங்க. அதுக்காக என் கோவம் ஒண்ணும் தணியல. சாப்பிடாமயே கிளம்பிட்டேன்.

சில மாசம் கழிச்சு போன்ல ஒரு படம் சுத்திக்கிட்டு வந்துச்சு. மாநிலத்து வரைபடம். முன்னேறின இடமெல்லாம் பச்சை. எங்க தோட்டம் இருக்கிற இடமும் நல்ல கரும்பச்சையா இருந்துச்சு. பேக்டரி கேன்டீன்ல அதைப் பெருசாக்கி பெருசாக்கிப் பார்த்தேன். சோறு இறங்கல.

அப்புறம் ஒரு வாரம் வேன் வரல. மழையில பாதை கெட்டிருக்கும்னு நினைச்சோம். மறு வாரமும் வரல. கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஒரு அம்மா எடுத்தாங்க. “உங்க ஏரியா இப்ப நல்லா இருக்கும்மா, வேனை வேற பக்கம் மாத்திட்டாங்க”ன்னாங்க. யாரு சொன்னது நல்லா இருக்குன்னு? அந்தக் கணக்கெடுப்பா? அந்தம்மாவுக்குத் தெரியல. இன்னி வரைக்கும் எனக்கும் தெரியாது. கம்போங் குவாந்தான் ஆத்தோரத்துல மின்மினிப்பூச்சி குறைஞ்சு போச்சான்னு படகுல போயி மரம் மரமா பார்க்க ஆள் இருக்கு. எங்கண்ணன் காலைப் பார்க்க நாதியில்ல.

என் லீவு நாள்ல நான் அண்ணனைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். மத்த நாள்ல அண்ணியே கழுவிக் கட்டினாங்க. புண்ணு கறுத்துப் போயி, அந்தக் கறுப்பு விரல்ல இருந்து பாதத்துக்கு ஏறுச்சு. ஒரு நாள் காய்ச்சல் தூக்கி அடிச்சப்ப, வாடகைக் கார் எதுவும் அந்த மண் பாதைக்கு வர மாட்டேன்னுடுச்சு. செம்பனைக் குலை ஏத்துற லோரியில டிரைவர் பக்கத்துல உக்கார வெச்சுக் கொண்டுபோனாங்க. ஆஸ்பத்திரியில வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. “ஏன் முன்னாடியே வரல?”ன்னு டாக்டர் கேட்டாரு.

இந்த வருஷம் அந்தக் கணக்கெடுப்புப் பொண்ணு அண்ணிக்குப் போன் பண்ணினா. போன தடவை கேட்ட அதே வீடுகதானாம். வேலைக்குப் போறவங்க வீட்டுல இருக்கணும்னு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வர்றேன்னா. அண்ணி சரின்னுட்டாங்க. நானும் போயிருந்தேன்.

மழை பிடிச்சுக்கிச்சு. பொண்ணைக் காணோம். இருட்டிக்கிட்டு வந்துச்சு, வரிசையில ஒவ்வொரு வீட்டுலயா விளக்கு எரிய ஆரம்பிச்சிருச்சு. அண்ணி திரி போட்டு எண்ணெய் ஊத்தி வெச்சுட்டு, தீப்பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. பத்த வைக்கல. எனக்குத் தெரிஞ்சு அவங்க இப்படிச் செஞ்சதே கிடையாது. அண்ணன் நாற்காலியில கைலியை இழுத்து மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் லைட்டைப் போடப் போனேன். “இரு, அவ வந்துட்டுப் போகட்டும்”ன்னாங்க.

பொண்ணு நனைஞ்சுக்கிட்டு வந்தா. இருட்டுல டேப்லெட் வெளிச்சம் மட்டும் அவ மூஞ்சியில அடிச்சுச்சு.

“குழாத்தண்ணி ஆண்ட்டி?”

“இல்ல.”

“கார்?”

“இல்ல.”

“கிளினிக் பக்கத்துல?”

“இல்ல. இல்ல மா.” ஒவ்வொரு தடவையும் பத்த வைக்காத விளக்கைப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

“கை கால் முடியாதவங்க யாராச்சும்...” பொண்ணு அண்ணனைப் பார்த்துட்டு நிறுத்திட்டா.

“இருக்காரு. போட்டுக்க மா.”

அவ போறப்ப சொன்னா, “இதெல்லாம் வெளிய வர நாளாகும் ஆண்ட்டி. அதுக்கப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது.” அண்ணி தலையாட்டினாங்க.

அப்புறம்தான் விளக்கை ஏத்தினாங்க. சாம்பிராணியை அள்ளிப் போட்டாங்க. மறுபடியும் அள்ளிப் போட்டாங்க. “போதும் அண்ணி, கண்ணு எரியுது”ன்னேன். கேக்கல. புகை கூடம் முழுக்க நிறைஞ்சிருச்சு. அந்தப் புகைக்குள்ள இருந்து, எனக்கு நல்லா பழகின அந்த வாடை வந்துச்சு.

அண்ணன் மீதி இருந்த இடது காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டாரு.

“அண்ணே, அந்தக் காலைக் காட்டு”ன்னேன்.

அண்ணி நடுவுல வந்து நின்னாங்க. “விளக்கு எரியுது பாப்பா”ன்னாங்க. “இப்ப கேக்காத.”