டக்கோட்டாவில் பூட்டுப் பெட்டி

சரக்கு விமானத்தில் துணை விமானி வேலைக்கு முதல் தகுதி, அந்த வேலையை ஏற்கெனவே பார்த்திருப்பது. நீங்களும் எதற்காவது மனுப் போட்டு, "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வியில் அடிபட்டவர் என்றால் உங்களுக்குப் புரியும். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். சர்க்கார் உதவியில் சென்னையில் ஒரு கிளப்பில் சின்ன விமானம் ஓட்டிப் பழகி, பி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். சம்பளத்துக்கு விமானம் ஓட்டலாம் என்கிற காகிதம் அது. தை முடிவதற்குள் மறுபடி பறக்காவிட்டால் செல்லாது.

ஏறாமல் ஏது அனுபவம்?

சென்னையில் ஒரு சரக்குக் கம்பெனிக்குப் போனேன். நான் பறந்த நேரமெல்லாம் எழுதியிருக்கும் லாக் புத்தகத்தைக் குமாஸ்தா புரட்டினார். இரட்டை எஞ்சின் பத்தி காலியாக இருந்ததும் மூடிவிட்டார். இரட்டை எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். இங்கேதான் என்றார். அப்படியானால் ஏற்றுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

"தம்பி, ஏறினாத்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தாத்தான் ஏத்துவாங்க. இந்த விதியை நான் போடலை, டைப்பு மட்டும்தான் அடிச்சேன்."

மாமாவின் ஷெட்

திண்டுக்கல்லில் என் தாய்மாமாவுக்கு லாரி ஷெட். தை முடிந்தும் வேலை இல்லையென்றால் நான் அங்கே வந்துவிட வேண்டும் என்று அவரும் அப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள். லாரி ஓட்டுவதில் கேவலம் ஒன்றுமில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். மாமா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏலே மாப்ள, லாரி நின்னா இறங்கித் தள்ளலாம். அங்ஙன நின்னா யார்றா தள்ளுவா?"

கதவோரம்

இலங்கைக்குச் சரக்கு ஏற்ற மதுரை விமானத் திடலுக்கு டக்கோட்டா என்கிற பழைய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வந்துபோகும். அதன் துணை விமானி வேலையை விட்டுவிட்டான் என்று, அங்கே பூட்டு லோடு கொண்டுபோகும் மாமாவின் டிரைவர் சொன்னார். அதே லாரியில் ஏறிப் போனேன். கேப்டன் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, லோடு ஏறட்டும், பார்க்கலாம் என்று இறக்கை நிழலில் போய் உட்கார்ந்தார்.

லோடுமேன்கள் எல்லாரும் திண்டுக்கல் ஆட்கள். லாரிப் பழக்கம்: முதலில் இறங்குவது கடைசியில் ஏறும். பூட்டு முதலில் யாழ்ப்பாணத்தில் இறங்க வேண்டியது, ஒட்டன்சத்திரத்துக் காய் அப்புறம் கொழும்புக்கு. அதனால் முன்பக்கமெல்லாம் முருங்கைக்காயும் தக்காளியும். பூட்டுப் பெட்டி அத்தனையும் கதவோரம். டக்கோட்டாவுக்குக் கதவு வால் பக்கம் இருக்கிறது. வாலில் அம்புட்டுக் கனம் இருந்தால் கிளம்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழ வேண்டியதுதான். எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பூட்டை முன்னால் ஏற்றச் சொன்னேன். தக்காளி வதங்குகிறது, யார் இந்தப் பயல் என்று சரக்கு அனுப்பும் ஏஜெண்டு குதித்தார். கேப்டன் நிழலை விட்டு எழுந்திருக்காமல் காப்பியை உறிஞ்சினார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் லோடுமேன்களின் மேஸ்திரி தலைத்துண்டை உதறினார்.

"சரி, உள்ள தள்ளுறோம். யாழ்ப்பாணத்துல காயை இறக்கி வச்சிட்டுத்தான் பூட்டை எடுக்கணும். அங்க இறக்குறவன் உன்னைய வைய மாட்டான் அப்பு, எங்களத்தான் வைவான்."

வலது சீட்டு

நானும் சேர்ந்து தள்ளினேன். முடிந்ததும் கேப்டன் உள்ளே ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, வலது சீட்டில் உட்காரச் சொன்னார். சொல்லும்வரை எதையும் தொடக்கூடாது. கிளம்பியதும் சக்கரத்தைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். கடல் மேல் செத்த நேரம் ஓட்டவும் கொடுத்தார். நான் நேராகவே கேட்டேன், அனுபவம் இல்லாதவனை ஏன் ஏற்றினீர்கள் என்று.

"உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க, ஏகப்பட்ட அனுபவமுங்க. லோடு ஏறி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் எங்கூட நிழல்ல உக்காந்து காப்பி குடிச்சாங்க."

தை முடிவதற்குள் எனக்கு வேலையும் கிடைத்தது, லைசென்ஸும் பிழைத்தது, ஆனால் அன்று முதல் லோடு ஏற்றும் பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்துவிட்டதால், இன்றைய தேதிக்கு எனக்கு விமானம் ஓட்டியதைவிடப் பெட்டி தள்ளியதில்தான் அனுபவம் அதிகம்.