ஐஸ் தண்ணீரில் வைத்த கை

மீன் முள் குத்துவது எங்கள் தொழிலில் ஒரு சங்கதியே இல்லை. திருகோணமலையில் இருந்து லொறி வந்ததும் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் கையை விட்டு, மீனை எடுத்துக் கட்டையில் போடுவோம். எங்கேயாவது குத்தும். விரலை உதறிவிட்டு அடுத்த மீனை எடுப்போம். மாத்தளைச் சந்தையில் என்னோடு நின்றவர்கள் எல்லாருடைய கையும் அப்படித்தான் இருந்தது. அதனால், அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் பாரை மீனின் முதுகு முள் என் வலது கை நடுவிரல் மொளியில், அந்தக் கணுவில், ஏறியதை நான் அன்றைக்கே மறந்துபோனேன்.

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பிறக்கவில்லை. என் கையில் இருக்கும் பள்ளங்களைத் தடவித் தடவிக் கேட்பீர்களே, அதற்கான பதிலை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பேச்சில் சொன்னால் உங்கள் உம்மா இடையில் புகுந்து தன் பங்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

முள் குத்தி மூன்று நான்கு வாரத்தில் அந்த மொளியில் ஒரு கட்டி வந்தது. நீலமும் சிவப்புமாக இருந்தது. பெரிய நோவு இல்லை. பிறகு அது உடைந்து, ஆறவும் இல்லை, பெருக்கவும் இல்லை. அதற்குப் பின் புறங்கையில் ஒன்று. மணிக்கட்டில் ஒன்று. பிறகு முழங்கைப் பக்கம். தஸ்பீஹ் மணியைக் கோத்து வைத்தது போல ஒரே கோட்டில் ஏறியது.

வெயில் ஏறினால் புண் எரியும். கடையில் ஐஸுக்குப் பஞ்சமா? ஆள் இல்லாத நேரத்தில் கையைப் பெட்டிக்குள் விட்டு, உருகின தண்ணீரில் வைத்துக்கொள்வேன். சுகமாக இருக்கும். என்னோடு கடையில் நின்ற கூட்டாளி இளையவன், அண்ணன் முறைக்கு என்னை நானா என்பான். அதைப் பார்த்துச் சிரிப்பான்.

"என்ன நானா, மீன் முடிஞ்சா அந்தக் கையையும் வித்துருவீங்க போல. பழுதாகாம ஐஸ் போட்டு வெச்சிருக்கீங்க."

"வாங்குறவன் வந்தா விலை பேசுடா" என்பேன் நானும்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் மாமிக்கு, அதாவது என் தங்கைக்கு, கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை பல்லேபொலப் பக்கம். மிளகும் கொக்கோவும் உள்ள தோட்டக்காரர்கள், நல்ல மனிதர்கள். எங்கள் வாப்பா மௌத்தாகிவிட்டதால் தங்கையைக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் பக்கத்து நிக்காஹை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெண்ணைக் கொடுப்பவர் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, இன்னாரை உங்களுக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் அந்தக் கையை விடாமல், ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். சபை முழுக்க அந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இந்தக் கையோடயா சபையில உக்காரப் போறீங்க? போய் யாருக்கிட்டயாவது காட்டுங்க" என்றார் உங்கள் உம்மா.

உக்குவளையில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"செவப்புக் குச்சி மாதிரி கொஞ்சம் கிருமி தெரியுது. காசத்துலயும் இப்படித்தான் தெரியும், குஷ்டத்துலயும் இப்படித்தான் தெரியும். நான் பேர் வைக்க மாட்டேன். கண்டிக்குப் போங்க."

அவர் பேர் வைக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்கள் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனபோது ஸலாம் சொன்னவர்கள் கை நீட்டவில்லை. கடையில், எந்நாளும் என்னிடம் மட்டும் மீன் வாங்கும் ஒரு பெண் கட்டைக்கு எட்ட நின்றுகொண்டு, "நானா, வெட்ட வேணாம், முழுசாவே தாங்க. வீட்டுல வெட்டிக்கிறேன்" என்றார். வேறு கடைக்குப் போகாமல் வந்தாரே என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளே கத்தியைக் கூட்டாளியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டேன்.

வீட்டில் யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானே ஒதுங்கினேன். எனக்கென்று ஒரு கோப்பை, ஒரு பீங்கான். மூத்தவள் தத்தித் தத்தி வந்து இரண்டு கையையும் தூக்குவாள். நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து, அவளே என் கழுத்தைப் பிடித்துத் தொங்கட்டும் என்று நிற்பேன்.

பல்லேபொலவில் இருந்து மாப்பிள்ளையின் பெரிய வாப்பா வந்தார். வாசலில் இருந்து ஸலாம் சொல்லி, உட்கார்ந்து, மழையைப் பற்றியும் மிளகைப் பற்றியும் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மகன். கல்யாணத்த நிப்பாட்டச் சொல்லி நான் வரல்ல. கண்டியில என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டு நாள் குறிப்போமே."

குறித்த நாளை மறுபடி குறிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கைக்கும் தெரிந்திருக்கும். அவர் போன பிறகு, கோப்பைகளை எடுக்க வந்தவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நானா, குடுக்குறதுன்னா நீங்க குடுங்க. வேற யாரும் என்னக் குடுக்க வேணாம்."

கண்டிக்கு ரயிலில் போனேன். தோல் வியாதி பார்க்கும் டாக்டர் சிங்களவர், வயதில் இளையவர். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் புண்ணைச் சுற்றிப் பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார். தொட்ட இடமெல்லாம் சொன்னேன். "உணர்ச்சி போகவில்லை, அது நல்லது" என்று சிங்களத்தில் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார். மீன் என்றதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, முள் குத்தியதா என்று கேட்டார். யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமா அது?

கட்டியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, பிறகு வரச் சொன்னார். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

மறுபடி போனபோது காத்திருக்கும் வாங்குப் பலகையில் என் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிட வயதானவர். அவருடைய விரல்கள் மடங்கி இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே டாக்டர் இரண்டு சின்னப் போத்தல்களை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் என் கட்டியின் துண்டைப் போட்டு வளர்த்திருக்கிறார்கள். உடம்புச் சூட்டில் வைத்த போத்தலில் ஒன்றும் முளைக்கவில்லை. சாதாரணமாக மேசையில் வைத்ததில் முளைத்திருந்தது. வெளிச்சம் பட்ட பிறகு அது நல்ல மஞ்சள் நிறமாகிவிட்டது என்றார். அரைத்த மஞ்சளைத் தொட்டு வைத்த மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

"குஷ்டக் கிருமி போத்தலில் வளரவே வளராது. இது வளர்ந்திருக்கிறது. காசக் கிருமிக்கு உடம்புச் சூடு வேண்டும். இதற்கு அது ஆகாது" என்றார். "இரண்டுக்கும் இது சொந்தக்காரன்தான். ஆனால் இவன் வேறு இடத்தில் குடியிருக்கிறவன். தண்ணீரிலும் மீனிலும் இருப்பான். முள் குத்தின வழியாக உள்ளே வருவான். மனிதனில் இருந்து மனிதனுக்குப் போக மாட்டான்."

பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். தூக்கலாம் என்றார்.

பிறகு, எரிச்சலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஐஸ் தண்ணீரில் வைத்தேன் என்றதும் டாக்டர் சிரித்துவிட்டார். குளிர்தான் அந்தக் கிருமிக்குப் பிடித்தது என்றும், நாள்தோறும் அதற்கு விருந்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். இனி வெந்நீர்தான் என்றார். மாத்திரையும் கொடுத்தார். இதற்கென்றே ஒரு மருந்து இல்லை, ஆறும், ஆனால் மெதுவாகத்தான் ஆறும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்தபோது வாங்கில் இருந்தவர் கேட்டார்: "என்னாங்க சொன்னாரு?"

"அது இல்லையாம்."

"நல்லதுங்க" என்று சொல்லி, நான் மறந்துவிட்டுப் போகப் பார்த்த என் குடையை எடுத்துத் தந்தார். நான் அதை வாங்கினேன். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். ரயிலில் வரும்போது எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பகுதி அந்தக் குடைப்பிடியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. எனக்கு இல்லை என்று ஆனது அவருக்கு ஆம் என்று இருந்திருக்கலாம். அவருக்கும் கை பிடித்துக் கொடுக்க ஒரு தங்கை இருந்திருக்கலாம்.

பல்லேபொலவுக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். முதலில் குறித்த நாளே உறுதியானது. ஆனாலும், கேட்பது வேறு, தொடுவது வேறு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் யோசித்திருப்பேன்.

நிக்காஹ் அன்று மணிக்கட்டுப் புண் காய்ந்திருந்தது. மொளியில் இருந்தது இன்னும் பொருக்காகத்தான் இருந்தது. துணி சுற்றலாமா என்று உங்கள் உம்மாவிடம் கேட்டேன். "சுத்தினா மறைக்கிற மாதிரி இருக்கும். அப்படியே போங்க" என்றார். போனேன். மாப்பிள்ளைக்கு முன்னால் முட்டி தொடுமளவுக்கு நெருங்கி உட்கார்ந்தேன். நிக்காஹை நடத்திவைக்கும் லெப்பை தொண்டையைச் செருமினார். அப்போது பெரிய வாப்பா என் காதுப் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"மகன், ஒங்களுக்கும் கை நோகும். லெப்பைக்கு அனுமதி குடுத்தீங்கன்னா ஒங்க சார்புல அவரே பிடிச்சுச் சொல்லிருவாரு. மார்க்கத்துல அதுக்கு எடம் இருக்கு தானே."

இடம் இருந்தது. அனுமதி கொடுக்க நான் வாயைத் திறந்தும்விட்டேன். தங்கை கோப்பைகளை எடுக்கும்போது சொன்னது ஞாபகம் வந்து, சொல் வெளியே வரவில்லை.

மாப்பிள்ளைக்கு அது கேட்டுவிட்டது. "லெப்பைக்கு ஓதுற வேலையே கிடக்கு" என்று அவர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், கையக் கொண்டாங்க" என்றார்.

நீட்டினேன். அவர் விரல் நுனியால் பிடிக்கவில்லை, முழுக் கையாலும் பிடித்தார். அவருடைய பெருவிரல் அந்தப் பொருக்கின் மேலேயே இருந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டேன் என்றார்.

பிறகு சாப்பாடு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், சாப்பிடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு பையன் கெண்டியும், கழுவின தண்ணீரை ஏந்தும் படிக்கமுமாகக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தான். உண்மையைச் சொல்கிறேன், மாப்பிள்ளை எவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாரும் கழுவுகிற அளவுக்குத்தான் அவரும் கழுவினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லாரும் கை வைத்தார்கள். எனக்குத்தான் கை போகவில்லை. தனிப் பீங்கானில் சாப்பிட்டுப் பழகியிருந்தேன். நடுவில் குவித்திருந்த இறைச்சியில் ஒரு நல்ல துண்டை மாப்பிள்ளை, உங்கள் பல்லேபொல மாமா, விரலால் தள்ளி என் பக்கம் ஒதுக்கிவிட்டு, தன் சோற்றைப் பிசையத் தொடங்கினார். நானும் கையை வைத்தேன்.